விளக்கில்லாத சாறு

சுங்கை பாக்காப், சிம்பாங் அம்பாட், நிபோங் திபால் பக்கத்து வீடுகளில் பூந்தொட்டியிலோ வேலியோரத்திலோ ஒரு சின்னச் செடி வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். அம்பு முனை வடிவில் இலை. பூவின் நடுவிலிருந்து மெலிந்து நீளும் மஞ்சள் வால். மலாயில் கெலாடி திக்குஸ் என்பார்கள். நம் சேப்பங்கிழங்குக்கும் கருணைக்கிழங்குக்கும் இது சொந்தம். 1990களில் இதன் சாறு புற்றுநோயைத் தீர்க்கும் என்ற பேச்சு பினாங்கிலும் இந்தோனேசியாவிலும் பரவியது. வேரோடு பிடுங்கி, கழுவி, இடித்துப் பிழிந்து, தொண்டை நமைச்சலுக்குத் தேன் கலந்து குடித்தார்கள். இன்று அது கேப்சூலாகவும் விற்கிறது.

இந்தச் செடியைப் பினாங்குத் தீவிலேயே சோதனைக்கூடத்தில் வைத்துப் பார்த்தார்கள். யுஎஸ்எம் என்று நாம் சொல்லும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள், மருந்து ஆய்வு மையத்தைச் சேர்ந்த லாய் சூ ஷீன், வி. நவரத்தினம் முதலியோரின் ஆய்வு 2010ல் வெளிவந்தது. செடியின் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, புற்றணுக்களை எந்தப் பகுதி அதிகம் தடுக்கிறது என்று தேடினார்கள். வீரியம் மிகுந்த பகுதியில் அகப்பட்டவை பியோஃபோர்பைடு என்ற குடும்பத்துப் பொருள்கள். அவற்றுக்கு வெளிச்சம் காட்டியபோது வீரியம் இன்னும் கூடியது.

செடியைப் பற்றிய பேச்சில் விடுபட்டுப்போன செய்தி இதுதான். சாற்றில் இருந்த முக்கியமான பொருள் தன் முழு வேலையைக் காட்ட விளக்கை எதிர்பார்த்தது. சாற்றைக் குடிக்கும் மனிதரின் வயிற்றுக்குள்ளோ ஒரே இருட்டு.

மூன்றும் சேர்ந்தால்தான்

ஒளியால் தூண்டப்படும் புற்றுநோய்ச் சிகிச்சை என்று தனி மருத்துவமுறையே இருக்கிறது. ஒளியியக்கச் சிகிச்சை என்று தமிழில் எழுதுகிறார்கள். அதற்கு வேண்டியவை மூன்று: ஒளியை உறிஞ்சும் ஒரு நிறமிப் பொருள், அந்த நிறமிக்குப் பொருத்தமான நிற வெளிச்சம், உடலின் திசுவில் இயல்பாகவே இருக்கும் ஆக்சிஜன். தனித்தனியே பார்த்தால் மூன்றும் சாது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றும் வாயில் சேர்ந்தால்தான் சிவப்பேறும். இங்கேயும் மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூடினால்தான் வேலை நடக்கும்.

நடப்பது இது. நிறமி மூலக்கூறு ஒளியை விழுங்கி உசுப்பேறுகிறது. அந்தச் சக்தியைப் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனிடம் தள்ளிவிடுகிறது. வாங்கிக்கொண்ட ஆக்சிஜன் சிங்லெட் ஆக்சிஜன் என்ற வெறிகொண்ட வடிவத்துக்கு மாறுகிறது. அதன் ஆயுள் ஒரு நொடியின் மிகச் சிறு துளி. அதற்குள் அது நகரும் தூரம், ஒரு செல்லின் அகலத்தில் நூறில் ஒரு பங்கு அளவே. அந்தக் குறுகிய எல்லைக்குள் கிடைக்கும் கொழுப்பையும் புரதத்தையும் எரித்துவிட்டு ஓய்ந்துவிடும். எங்கே வெளிச்சம் விழுந்ததோ அங்கே மட்டும் சேதம். மருத்துவர் எங்கே விளக்கைப் பிடிக்கிறார் என்பதே இங்கே அறுவைக் கத்தி.

இந்த உண்மை முதலில் கண்ணில் பட்டது, ஒரே மாதிரி செய்த சோதனை இரண்டு விதமாக முடிந்ததால். 1897–98 குளிர்காலத்தில் ஜெர்மனியின் மூனிக் நகரில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், ஹெர்மன் ஃபான் டாப்பைனரிடம் பயின்றுவந்தார். அக்ரிடின் என்ற சாயத்தைப் பாரமீசியம் என்ற ஒற்றைச்செல் உயிர்கள் மிதக்கும் நீரில் கலந்து, அவை எவ்வளவு நேரத்தில் சாகின்றன என்று கணக்கெடுத்தார். அதே அளவு சாயம் ஒரு நாள் விரைவாகக் கொன்றது. இன்னொரு நாள் உயிர்கள் நீந்திக்கொண்டே இருந்தன. யோசித்துப் பார்த்தபோது, அவை பிழைத்த நாள் இடியும் மழையுமாக வானம் இருண்டிருந்த நாள். கொன்றது சாயம் மட்டும் அல்ல, சாயத்தின் மீது விழுந்த வெளிச்சமும்தான். சில ஆண்டுகளில், 1903ல், டாப்பைனரும் அவருடைய சகாவும் ஈயோசின் சாயத்தைத் தோல் கட்டிகளின் மீது தடவி ஒளியில் காட்டினார்கள்.

தாவரப் பொருளையும் வெயிலையும் சேர்ப்பது நம் மருத்துவத்துக்கும் புதிதல்ல. வெண்படைக்குக் கார்போக அரிசியைக் கொடுத்து வெயில் காட்டும் வழக்கம் சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் உண்டு. அந்த விதையில் இருக்கும் சோரலென் வகைப் பொருள்கள் புற ஊதா ஒளிபட்டால் செல்லின் டிஎன்ஏ இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். இதற்கு ஆக்சிஜன் கட்டாயமில்லை, வழி வேறு. ஆனால் மருந்தும் ஒளியும் சேர்ந்தால்தான் பலன் என்ற அறிவு ஒன்றே. சோரலென் முறையைக் கொண்டே, நோயாளியின் வெள்ளையணுக்களை உடலுக்கு வெளியே எடுத்து ஒளிகாட்டித் திரும்பச் செலுத்தும் சிகிச்சை ஒன்று, தோலில் தோன்றும் ஒருவகை ரத்தப் புற்றுக்கு 1988ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

கீரையும் குருதியும்

பியோஃபோர்பைடு எங்கிருந்து வருகிறது? இலையின் பச்சையத்திலிருந்து. பச்சைய மூலக்கூறு ஒரு வளையம். நடுவில் ஒரு மெக்னீசியம் அணு, பக்கத்தில் ஒரு நீண்ட கொழுப்பு வால். புளி ஊற்றிக் கீரையைக் கடையும்போது பச்சை மங்கிப் பழுப்பேறுகிறதே, அப்போது அமிலம் மெக்னீசியத்தை வளையத்திலிருந்து வெளியே தள்ளுகிறது. வாலையும் நறுக்கிவிட்டால் மிஞ்சுவது பியோஃபோர்பைடு. தீபகற்ப மலேசியாவின் தாவரங்கள் பலவற்றை ஒளியில் வைத்துச் சோதித்த இன்னோர் ஆய்வு 2009ல் வந்தது. அதில் தேறிய சாறுகளிலும் இந்த வளையக் குடும்பத்தார்தான் முன்னால் நின்றார்கள்.

நம் குருதியைச் சிவப்பாக்கும் ஹீமும் இதே வளையந்தான். நடுவில் மெக்னீசியத்துக்குப் பதில் இரும்பு. இரும்பு இருக்கும்வரை ஆபத்தில்லை. இரும்பு இல்லாத வெறும் வளையத்துக்குப் போர்பைரின் என்று பெயர். அது ஒளியில் சீறும். 1912ல் ஃபிரீட்ரிக் மேயர்-பெட்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் 200 மில்லிகிராம் ஹெமட்டோபோர்பைரினைத் தமக்கே செலுத்திக்கொண்டு வெயிலில் போனார். முகமும் கையும் வீங்கிப் புடைத்தன. பல வாரங்கள் வரை வெயில் அவருக்கு ஆகவில்லை.

அந்த வீக்கத்தையே மருந்தாக மாற்றியவர் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ராஸ்வெல் பார்க் நிலையத்தில் பணியாற்றிய தாமஸ் டோகர்ட்டி. 1978ல் அவர் வெளியிட்ட அறிக்கையில் 25 நோயாளிகளின் 113 கட்டிகள் இருந்தன. போர்பைரின் கலவையைச் செலுத்திச் சிவப்பு ஒளி காட்டியதில் 111 கட்டிகள் முழுதாகவோ ஓரளவோ கரைந்தன. அந்தக் கலவையிலிருந்து வந்த ஃபோட்டோஃபிரின் என்ற மருந்துக்கு 1993ல் கனடாவும் 1995ல் அமெரிக்காவும் அனுமதி தந்தன.

புற்றணுவையே அதன் நஞ்சைச் சமைக்கச் சொல்லும் உத்தியும் உண்டு. அமினோலெவுலினிக் அமிலம் என்ற சிறு மூலக்கூறிலிருந்துதான் நம் செல்கள் ஹீமைக் கட்டுகின்றன. அதை நிறையக் கொடுத்தால், இரும்பைச் செருகும் கடைசிப் படியில் பல புற்றணுக்கள் திணறி, இரும்பில்லாத வளையத்தை உள்ளே குவித்துக்கொள்கின்றன. மூளைக்கட்டி அறுவைக்குமுன் நோயாளி இந்த அமிலத்தைக் கரைத்துக் குடிக்கிறார். மண்டையைத் திறந்து நீல விளக்கைக் காட்டினால் கட்டி இளஞ்சிவப்பாக ஒளிர்கிறது. எதுவரை வெட்டலாம் என்று அறுவை மருத்துவருக்கு எல்லை தெரிகிறது. ஐரோப்பா இதை 2007லும் அமெரிக்கா 2017லும் ஏற்றன.

இவ்வளவு நேர்த்தி இருந்தும் இது எல்லாப் புற்றுக்கும் மருந்தாகவில்லை. காரணம் ஒளியின் எட்டம். டார்ச் விளக்கை உள்ளங்கையால் மூடினால் விரல்கள் சிவப்பாகத் தெரியும். நீலமும் பச்சையும் தசைக்குள் தொலைந்துபோக, சிவப்பு மட்டும் கடந்து வருகிறது. அந்தச் சிவப்புங்கூட, ஃபோட்டோஃபிரினுக்கு ஏற்ற 630 நானோமீட்டர் அலைநீளத்தில், சில மில்லிமீட்டர் ஆழத்தில்தான் சிகிச்சைக்குத் தேவையான வலுவோடு இருக்கும். தோல், வாய், உணவுக்குழாய், மூச்சுக்குழாய், சிறுநீர்ப்பை போன்று மேற்பரப்பிலோ, ஒளியிழைக் குழாய் நுழையும் இடத்திலோ இருக்கும் கட்டிகளுக்கே இது பொருந்தும். உடலெங்கும் பரவிவிட்ட நோயை விளக்கால் துரத்த முடியாது.

குடித்தால் என்ன ஆகும்?

ஒளியில் சீறும் நிறமியை உண்டுவிட்டு வெயிலில் போனால் என்ன ஆகும் என்பதற்கு இயற்கையே பாடம் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டுக் காட்டோரங்களில் உண்ணிச்செடி மண்டிக்கிடக்கும். நம் சாலையோரங்களிலும் பூக்கும். அதை மேய்ந்த மாடுகளுக்கு மூக்கு, காது, மடி என முடி குறைந்த, வெளிர்ந்த இடங்களில் தோல் வெந்து உரியும். மாட்டின் வயிற்றில் நுண்ணுயிர்கள் பச்சையத்தைச் சிதைத்து ஃபில்லோஎரித்ரின் என்ற நிறமியாக்குகின்றன. கல்லீரல் அதைப் பித்தத்தோடு வெளியே அனுப்பிவிடும். உண்ணிச்செடியின் நஞ்சு கல்லீரலைக் கெடுத்துவிடுவதால் நிறமி குருதியில் தேங்கித் தோலுக்கு வருகிறது. அங்கே வெயில் காத்திருக்கிறது.

வசந்த காலத்தில் அபலோனி என்ற கடல் நத்தையின் குடலைத் தின்ற பூனைக்குக் காது விழுந்துவிடும் என்று வடகிழக்கு ஜப்பானில் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். கடற்பாசியைத் தின்னும் அந்த நத்தையின் குடலில் பியோஃபோர்பைடின் நெருங்கிய உறவான பொருள் சேர்கிறது என்று பின்னர் வேதியியல் காட்டியது. பூனையின் காதில் முடி குறைவு. வெயில் நேராகத் தாக்கும். 1977ல் அதே நாட்டில் குளோரெல்லா என்ற பாசி மாத்திரையைச் சத்துணவாக விழுங்கியவர்கள் சிலருக்கு முகமும் கையும் வீங்கின. மாத்திரையில் பியோஃபோர்பைடு மிகுந்திருந்தது. அதன்பின் அரசாங்கம் அதற்கு அளவு வகுத்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. குடித்த நிறமி போதிய அளவு குருதியில் ஏறினால், அதன்மேல் வெளிச்சம் முதலில் படும் இடம் தோல்தான். கல்லீரலிலோ மார்பிலோ இருக்கும் கட்டி அல்ல. மருத்துவமனையில் ஃபோட்டோஃபிரின் ஊசி போட்டபின் 40 முதல் 50 மணி நேரம் காத்திருந்து, கட்டியின்மேல் மட்டும் லேசர் ஒளியைச் செலுத்துகிறார்கள். அதன்பிறகும் குறைந்தது 30 நாள் வெயிலில் போகாதே என்று எச்சரித்துத்தான் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அளவு, நேரம், இடம் மூன்றையும் மனிதர் கட்டுப்படுத்துவதால்தான் அது சிகிச்சை. அன்றாடம் சமைத்துண்ணும் கீரைக்கு யாரும் அஞ்ச வேண்டாம்; அதிலிருந்து உடலில் ஏறும் அளவு அற்பம். அந்த அற்ப அளவு நோயைத் தீர்க்கவும் போதாது.

விளக்கை அணைத்த பிறகு

ஒளி வேலையை முடித்தபின் உடல் தன் வேலையைத் தொடங்குகிறது. 1996ல் கனடாவின் வான்கூவரில் மிலாடன் கோர்பெலிக்கும் அவர் குழுவும் ஒரே வகைக் கட்டியை இரண்டு வகை எலிகளில் வளர்த்தார்கள். ஒன்று நோயெதிர்ப்புச் சக்தி உள்ள எலி. மற்றது பிறவியிலேயே அது இல்லாத எலி. இரண்டுக்கும் ஒளிச் சிகிச்சை கொடுத்தார்கள். முதலில் இரண்டிலும் கட்டி மறைந்தது. எதிர்ப்புச் சக்தி உள்ளவற்றில் குணம் நிலைத்தது. இல்லாதவற்றில் கட்டி திரும்பி வந்தது. ஒளி கட்டியைத் தகர்த்தாலும், மிஞ்சிய புற்றணுக்களைத் தேடி முடித்தது வெள்ளையணுக்களே.

ஏன் அப்படி? ஒளியில் எரிந்து சாகும் செல் அமைதியாகச் சாவதில்லை. உள்ளே இருக்க வேண்டிய கால்ரெட்டிகுலின் என்ற புரதத்தைத் தன் மேற்பரப்புக்குத் தள்ளுகிறது. ஏடிபி போன்ற பொருள்களை வெளியே கசியவிடுகிறது. இவை ஆபத்து அறிவிப்புகள். அவற்றைக் கண்டு வரும் நோயெதிர்ப்புச் செல்கள் இறந்த துண்டுகளை விழுங்கி, புற்றணுவின் அடையாளத்தை மற்றச் செல்களுக்குக் கற்றுக்கொடுக்கின்றன.

அப்படியானால் அந்தப் படையை முன்கூட்டியே உசுப்பிவிட்டால்? இந்தக் கேள்வியில்தான் ஓர் உணவுப்பொருள் உள்ளே வருகிறது. மழைவிட்ட பிறகு, வெட்டிப்போட்ட பால்மரக் கட்டைகளில் சின்ன விசிறி வடிவில், சாம்பல் வெண்மையில் ஒரு காளான் முளைக்கும். மலாய்க்காரர்கள் கூலாட் சீசிர் என்பார்கள். மஞ்சளும் தேங்காய்ப் பாலும் சேர்த்துச் சமைப்பார்கள். மணிப்பூரிலும் இதே காளானைக் கங்லாயென் என்று விரும்பி உண்கிறார்கள். அதிலிருந்து பிரித்தெடுக்கும் பீட்டா குளுக்கன் வகைச் சர்க்கரைச் சங்கிலியின் பெயர் ஷிசோஃபில்லன். காளானின் செல்சுவர்ப் பொருளான பீட்டா குளுக்கனைக் கண்டால் நம் வெள்ளையணுக்கள் பூஞ்சை புகுந்துவிட்டதென விழித்துக்கொள்கின்றன. அதைப் பற்றுவதற்கென்றே அவற்றின்மேல் டெக்டின்-1 என்ற வாங்கி உண்டு. ஜப்பானில் 1980களிலேயே ஷிசோஃபில்லனைக் கருப்பைவாய்ப் புற்றுக்குக் கதிரியக்கத்தோடும், ஷிட்டாகே காளானின் லென்டினனை இரைப்பைப் புற்றுக்குக் கீமோ மருந்தோடும் சேர்த்துக் கொடுக்க அனுமதித்தார்கள்.

1994ல் கோர்பெலிக்கும் அவருடைய சகா குரோஸ்லும் ஷிசோஃபில்லனை ஒளிச் சிகிச்சையோடு சேர்த்து எலிகளில் பார்த்தார்கள். ஒளிக்கு முன்னால் கொடுத்தபோது சிகிச்சையின் பலன் கூடியது. ஒளிக்குப் பின்னால் கொடுத்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. ஒரே பொருள், ஒரே விளக்கு. வரிசை மாறியதும் முடிவு மாறிவிட்டது.

இதை வைத்துக் காளான் குழம்பு புற்றுநோயைத் தீர்க்கும் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். எலிகளுக்கும் சரி, ஜப்பானிய நோயாளிகளுக்கும் சரி, கொடுத்தது தூய்மையாக்கி அளந்த ஊசிமருந்து. தட்டில் வைத்த காளான் நல்ல உணவு. அது மருந்தின் இடத்துக்கு வராது.

இன்னொன்றும் உண்டு. நல்லது என்று நாம் நினைக்கும் உணவு இந்தச் சிகிச்சைக்கு எதிராகவும் வேலை செய்யக்கூடும். இலைக்குள் பச்சையத்துக்குப் பக்கத்திலேயே கரோட்டின் அமர்ந்திருக்கிறது. அதன் வேலைகளில் ஒன்று, பச்சையம் தவறி உண்டாக்கும் சிங்லெட் ஆக்சிஜனை உடனே தணிப்பது. வெயில் பட்டால் தோல் எரியும் போர்பைரின் நோயாளிகளுக்குப் பீட்டா கரோட்டினை மருந்தாகவே கொடுத்திருக்கிறார்கள். சிங்லெட் ஆக்சிஜனால் புற்றணுவைக் கொல்ல மருத்துவர் முயலும் வேளையில், அதைத் தணிக்கும் ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரைகளைக் கைநிறைய விழுங்குவது யாருக்கு உதவி? இயற்கைப் பொருள் என்பதால் மட்டும் ஒன்று நம் பக்கம் நிற்பதில்லை.

ஒளியையும் நோயெதிர்ப்பையும் உண்மையிலேயே இணைத்த முறை இப்போது நடைமுறைக்கு வந்திருக்கிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் ஹிசாட்டாகா கோபயாஷி, புற்றணுவைத் தேடி ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புரதத்தோடு ஒரு நிறமியைக் கட்டிவிட்டார். 690 நானோமீட்டர் ஒளி பட்டதும் நிறமி ஒட்டிய செல்கள் மட்டும் வெடித்துச் சாகின்றன. 2020 செப்டம்பரில் ஜப்பான் இதைத் தலை, கழுத்துப் பகுதியில் முற்றிய புற்றுக்கு அனுமதித்தது. அவருடைய குழு 2016ல் எலிகளில் இன்னும் ஒரு படி போனது. கட்டிக்குள் இருந்துகொண்டு நோயெதிர்ப்பை அடக்கிவைக்கும் செல்களை மட்டும் ஒளியால் கொன்றார்கள். ஒளிபட்ட கட்டியோடு, ஒளியே படாத தூரத்துக் கட்டிகளும் சுருங்கின.

தலை, கழுத்துப் புற்று நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. மலேசியாவில் வாய்ப்புற்று மற்ற இனத்தாரைவிட இந்தியர்களிடம், அதிலும் பெண்களிடம் அதிகம். வெற்றிலை பாக்குப் பழக்கம் அதன் முக்கியக் காரணம். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய, செம்பனையில் வேலை செய்த நம் பாட்டிமார் பலருக்கு இன்றும் அது விடாத பழக்கம். வாயோ வெளிச்சம் எட்டும் இடம். கண்ணாடி முன் நின்றாலே பார்த்துவிடலாம்.

வீட்டில் வெற்றிலை போடும் பெரியவர் இருந்தால், அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ அழியாத திட்டு இருந்தாலும், இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தாலும், வாய் முன்போல் விரியவில்லை என்றாலும், சாறு பிழிந்துகொண்டு காத்திருக்க வேண்டாம். சுங்கை பாக்காப் மருத்துவமனைக்கோ பக்கத்து அரசாங்கப் பல் கிளினிக்குக்கோ அழைத்துப் போங்கள். ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர் என்றால், என்ன சாறு, என்ன கேப்சூல், என்ன சத்து மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒன்றுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்தச் சிகிச்சையில் எது எப்போது சேர்கிறது என்பதில்தான் பலனும் பாதகமும் இருக்கின்றன.